அம்மாவுக்கு மருத்துவமனை மேல் நம்பிக்கை இல்லை. நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?

திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய அப்பா விவசாயக் கூலித் தொழிலாளி. ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்ததும், பக்கத்து ஊர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே ஊசியும் சில மாத்திரைகளும் கொடுத்துவிட்டு, மேல் சிகிச்சைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்படி சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால் அங்கே போகாமல் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று நாள் வென்டிலேட்டரில் இருந்து அவர் இறந்துபோனார். கட்டணம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பணத்தைக் கட்டும்வரை உடலைத் தரவில்லை. நகையை அடகு வைத்து, மாலையில்தான் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என்ன சிகிச்சை நடந்தது, ஏன் இறந்தார் என்பது இன்றுவரை குடும்பத்துக்குத் தெரியாது.

இப்போது அம்மா. வயது ஐம்பத்தெட்டு, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சம்பா நடவின்போது வயலில் நத்தை ஓடு கீறி இடது காலின் இரண்டாம் விரலில் காயம். வலியில்லாததால் மூன்று வாரம் கவனிக்கவில்லை. விரல் நுனி கறுத்து நாற்றமடித்த பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் ஒரு இளம் மருத்துவர், “மருந்திலேயே பார்க்கலாம்” என்றார். நான்காம் நாள் பெரிய டாக்டர் வந்து, விரலை எடுத்துவிட வேண்டும் என்றார். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாளுக்கு முதலில் விரலை எடுத்து, பிறகு பாதத்தையே எடுத்ததைக் கேள்விப்பட்ட அம்மா, அன்று மாலையே யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார். திருப்பூரில் வேலை செய்யும் தம்பி, கடன் வாங்கியாவது தனியாரிடம் போகலாம் என்கிறார். அம்மா ஊரில் ஒருவரிடம் பச்சிலைக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். “அரசாங்க ஆஸ்பத்திரியில் கைகழுவி விடுகிறார்கள், தனியாரில் பிடுங்குகிறார்கள். நாங்கள் யாரைத்தான் நம்புவது?” என்று கடிதம் முடிகிறது.

காயம் காத்திருக்காது என்பதால், உடனே அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பினேன். பச்சிலைக் கட்டை எடுத்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிரெஸ்ஸிங் செய்துகொள்ள மட்டும் அம்மா இசைந்திருக்கிறார், அறுவை சிகிச்சைக்கு இன்னும் இசையவில்லை என்று அவர் மறுபடி எழுதினார். டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நிபுணராகப் பணிபுரிந்தவன் என்ற முறையில், என் விரிவான பதில் இது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு துயரங்கள் பின்னிக் கிடக்கின்றன. அப்பாவுக்கு என்ன நேர்ந்தது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லப்படாத அந்த விஷயம்தான் இன்று அம்மாவின் கால் விரலைப் பற்றிய முடிவையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுவதே என் நோக்கம். விரலுக்கு நாள் கணக்கில்தான் அவகாசம் இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

விரலில் என்ன நடக்கிறது

பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை, பாதத்தின் உணர்வு நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. நத்தை ஓடு கீறியபோது வலித்திருந்தால் உங்கள் அம்மா அப்போதே வரப்பில் உட்கார்ந்து காலைப் பார்த்திருப்பார். வலிக்காததால் அந்தக் காயத்தோடு சேற்றில் நின்று நட்டிருக்கிறார். எனவே வலியில்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நோயில் ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நரம்போடு இரத்தக் குழாயும் சேர்ந்து கெடுகிறது. உடலின் இரத்த ஓட்டத்துக்குக் கால் விரல்தான் கடைமடை. மேலே எங்கோ ஓட்டம் குறைந்தாலும் முதலில் காய்வது அங்கேதான் என்பதை நம் பகுதிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருப்பதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரத்த ஓட்டம் நன்றாக இருந்து, திசு அழுகாமலும் இருந்தால், எலும்பைத் தொட்ட கிருமியை ஏறத்தாழ ஆறு வாரம் மருந்து கொடுத்தே கட்டுப்படுத்த முயல்வதும் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வழிதான். ஆனால் கறுத்து, நாற்றமடிக்கும் திசு இறந்துபோன திசு. அதற்குள் இரத்தம் போவதில்லை; இரத்தம் போகாத இடத்துக்கு ஊசி மருந்தும் போகாது, பச்சிலைச் சாறும் போகாது. மேலே போடும் ஈரக் கட்டு, உள்ளே சீழ் பரவுவதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும் என்பதுதான் என் கவலை. சித்த மருத்துவத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. இந்த விரலைக் காட்டினால் தகுதி பெற்ற சித்த மருத்துவரும் உங்களை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கே அனுப்புவார் என்று நம்புகிறேன்.

பின்வருவனவற்றில் ஒன்று தெரிந்தாலும் வாக்குவாதத்துக்கு நேரமில்லை என்று பொருள்: காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், சிவப்போ வீக்கமோ விரலைத் தாண்டிப் பாதத்தின் மேல் ஏறுவது, கறுப்பு அடுத்த விரலுக்குப் பரவுவது, சர்க்கரை அளவு வழக்கத்துக்கு மாறாக ஏறுவது, அம்மா சோர்ந்து, பேச்சுக் குழறுவது. அப்போது 108ஐ அழைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற இந்த ஆம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் கிடையாது.

“விரலை எடுத்தால் அடுத்து காலை எடுப்பார்கள்” என்று அம்மா அஞ்சுகிறார். இந்த அச்சத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு முறை விரலை இழந்த சர்க்கரை நோயாளிக்கு மறுபடி அறுவை தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட உண்மையிலேயே அதிகம். ஆனால் அதற்குக் காரணம் கத்தி பட்டது அல்ல. கிருமி ஏற்கெனவே மேலே ஏறியிருந்தது, இரத்த ஓட்டம் போதவில்லை, சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை, ஆறுவதற்குள் அந்தக் காலை ஊன்றி நடந்துவிட்டார்கள் என்பவைதான் பெரும்பாலும் காரணங்கள். அடுத்த கட்டில் அம்மாள் எந்த நிலையில் வந்து சேர்ந்தார் என்பது நமக்குத் தெரியாது. மிகத் தாமதமாக வந்தவருடைய முடிவைப் பார்த்துப் பயந்து உங்கள் அம்மாவும் தாமதித்தால், அவர் எதற்கு அஞ்சுகிறாரோ அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்வார்.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னது ஏன்

“ஒருவர் மருந்து என்கிறார், ஒருவர் அறுவை என்கிறார்; இவர்களுக்கே தெரியவில்லை, அல்லது மாணவர்கள் கற்றுக்கொள்வதற்காக வெட்டப் பார்க்கிறார்கள்” என்று உங்கள் தம்பி கருதுவதாக எழுதியிருக்கிறீர்கள். நோயாளிகளின் நம்பிக்கையை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதிகமாகக் குலைப்பது இதுதான் என்பது என் எண்ணம். ஆகவே அங்கே வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு தலைமை மருத்துவர், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பட்டமேற்படிப்பு மருத்துவர்கள், படிப்பை முடித்து ஓராண்டுப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள். நீங்கள் சேர்ந்த கிழமையில் எந்த யூனிட் பணியில் இருந்ததோ அதன் பொறுப்பில்தான் அம்மா கடைசிவரை இருப்பார். காலையில் கட்டுப் போடுபவர் ஒருவர், மாலையில் ஊசி எழுதுபவர் ஒருவர், இரவில் வருபவர் மூன்றாமவர் என்று முகங்கள் மாறுவதால், “எனக்கென்று ஒரு டாக்டர் இல்லை” என்ற எண்ணம் நோயாளிக்கு வந்துவிடுகிறது. முடிவெடுக்கிறவர் யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. அதை யாரும் சொல்வதுமில்லை.

இரண்டாம் நாளில் “மருந்திலேயே பார்க்கலாம்” என்றவர் தவறாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அன்று எக்ஸ்ரேயும் சீழ்ப் பரிசோதனை முடிவும் வந்திருக்காது. இறந்த திசு எது, பிழைக்கும் திசு எது என்ற எல்லையும் தெளிவாகியிருக்காது. நான்காம் நாளில் அவை தெரிந்த பிறகு முடிவு மாறியிருக்கலாம். அப்படி மாறுவது கவனமான மருத்துவத்தின் இயல்பு. குறை எங்கே என்றால், ஏன் மாறியது என்பதை அம்மாவின் கட்டிலருகில் இரண்டு நிமிடம் நின்று யாரும் சொல்லாததில்தான். நோயாளி நெரிசல், ஆள் பற்றாக்குறை என்று என் தொழில்காரர்கள் காரணம் சொல்வார்கள். அவை உண்மையான காரணங்கள்தாம். ஆனாலும் காலை இழக்கப்போகிறோமோ என்று நடுங்கும் ஒரு பெண்ணுக்கு விளக்கம் சொல்லாமல் போவதை அவை நியாயமாக்காது.

பட்டமேற்படிப்பு மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு பெற்ற மருத்துவர்; மூத்தவர்களின் மேற்பார்வையில் அறுவை செய்பவர். யார் செய்யப்போகிறார், உடன் மூத்தவர் யார் இருப்பார் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். பல கண்கள் பார்க்கிற வார்டில், தனியாக ஒருவர் மட்டும் முடிவெடுக்கும் இடத்தைவிடத் தவறு கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

உங்கள் அவநம்பிக்கையில் நியாயமான பகுதி

மருத்துவர்கள் பலர் நோயாளியின் அவநம்பிக்கையை அறியாமை என்று எண்ணிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுவையின் நேர்த்தியை ஒரு நோயாளியால் அளவிட முடியாது. தன்னிடம் எப்படிப் பேசினார்கள், கேட்டதற்குப் பதில் வந்ததா, சக்கர நாற்காலி தள்ளியவர் காசு கேட்டாரா, பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்ததா என்பவற்றை அளவிட முடியும். அளவிட முடிந்ததை வைத்துத்தான் அளவிட முடியாததைப் பற்றி அவர் முடிவுக்கு வருகிறார். வேறு வழியும் அவருக்கு இல்லை.

எனவே நடந்தவற்றில் எவை முறையற்றவை என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டண பாக்கிக்காக உடலைத் தர மறுத்தது தவறு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், பாக்கியைக் காரணம் காட்டி நோயாளியையோ இறந்தவரின் உடலையோ தடுத்து வைக்கக் கூடாது என்கிறது. அந்தச் சாசனத்தை ஏற்று நடைமுறைப்படுத்தும்படி மத்திய சுகாதார அமைச்சகமும் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நோயின் நிலையைக் குடும்பத்துக்கு விளக்காததும் தவறு. நீங்கள் எழுதியிருக்கிறபடி, மருத்துவக் கல்லூரியில் ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு ரூபாய் கேட்டதும் தவறு. அதற்கு லஞ்சம் என்பதைத் தவிர வேறு பெயரில்லை. நிலைய மருத்துவ அலுவலரிடமோ, மருத்துவக் கண்காணிப்பாளரிடமோ, கல்லூரி முதல்வரிடமோ (டீன்) எழுத்தில் புகார் கொடுக்கலாம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் சொல்லலாம். புகார் கொடுத்தால் சிகிச்சையில் பழிவாங்குவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வார்டில் சிகிச்சையை முடிவு செய்பவர்களும் காசு கேட்டவரும் வேறு வேறு ஆட்கள். ஆயினும் பயம் தீராவிட்டால், டிஸ்சார்ஜ் ஆன பிறகு கொடுத்தாலும் அந்தப் புகாருக்கு மதிப்புண்டு.

நியாயமில்லாத பகுதியும் இருக்கிறது. இலவசமாகத் தரும் மாத்திரைக்கு வீரியம் குறைவு என்று அம்மா நம்புவதால், ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரையைப் பாதி நாள் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குகிறது. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் அனுப்புகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறதே தவிர, உள்ளே இருக்கும் மருந்து அதேதான். இன்சுலின் போட ஆரம்பித்தால் வாழ்நாள் முழுதும் விட முடியாது என்பதும் இப்படிப்பட்ட ஓர் எண்ணம். காயம் ஆறும்வரை இன்சுலின் போட்டு, பிறகு மாத்திரைக்கே திரும்பியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்பாவைக் கைகழுவிவிட்டார்கள் என்ற உங்கள் முடிவையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். மாரடைப்பில் அடைத்த குழாயைத் திறக்கும் கேத் லேப் வசதி, வட்ட அளவிலான மருத்துவமனையில் இருக்காது. அங்கே செய்யக்கூடியது முதல் மருந்துகளைக் கொடுத்து, இதயத் துடிப்பைப் பதிவு செய்து, தேவையானால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. அந்த நள்ளிரவில் போட்ட ஊசி அதுவாகக்கூட இருந்திருக்கலாம். அவர்கள் கொடுத்த பரிந்துரைச் சீட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயரும் நேரமும் அதில் எழுதியிருக்கும்.

அரசா, தனியாரா

தம்பியின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் முடிவு கட்டடத்தைப் பார்த்து எடுக்கப்படக் கூடாது. அழுகிய ஒரு விரலை எடுப்பது, எந்த மருத்துவக் கல்லூரியிலும் வாரந்தோறும் நடக்கும் அறுவை. தஞ்சாவூரில் 1959 முதலும், திருவாரூரில் 2010 முதலும், நாகப்பட்டினத்தில் 2022 முதலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் டெல்டா முழுவதும் தஞ்சாவூர் ‘மெடிக்கல்’ ஒன்றையே நம்பியிருந்த நிலை இன்று இல்லை. திருவாரூர் சொன்னதில் ஐயம் இருந்தால், தஞ்சாவூரில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். அதற்குச் செலவு பேருந்துக் கட்டணம்தான். இரண்டாவது கருத்துக் கேட்பதும் மேலே சொன்ன சாசனத்தில் உள்ள உரிமை. ஆனால் அதை இரண்டொரு நாளில் முடித்துவிடுங்கள். மூன்றாவது, நான்காவது கருத்து என்று தேடிக்கொண்டிருப்பது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதாகவே முடியும்.

தனியாரிடம் போவதில் உள்ள நன்மை என்னவென்றால், ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்ப்பார், உட்கார்ந்து விளக்குவார், இரத்தக் குழாய் நிபுணர் ஒருவர் அங்கே இருந்தால் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஆபத்து என்னவென்றால், சர்க்கரைக் காலின் சிகிச்சை ஒரு அறுவையோடு முடிவதில்லை. வாரக்கணக்கில் கட்டு, மருந்து, சில வேளை இரண்டாம் அறுவை என்று நீளும். பாதியில் பணம் தீர்ந்து, அப்போது அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்களின் கால்களைத்தான் காப்பாற்ற மிகவும் சிரமப்பட்டிருக்கிறோம். கந்துவட்டிக்கு வாங்கித் தொடங்கும் சிகிச்சையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை உங்களிடம் இருக்கிறது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பிறகு, இதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆனால் எல்லாத் தனியார் மருத்துவமனையிலும், எல்லாச் சிகிச்சைக்கும் அது செல்லும் என்பது பரவலான தவறான எண்ணம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருக்க வேண்டும். முன் அனுமதியும் வாங்க வேண்டும். எனவே படுக்கையில் சேர்ப்பதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில், “இந்தச் சிகிச்சை திட்டத்தில் வருமா, அதற்கு மேல் எங்களிடம் என்ன வாங்குவீர்கள்?” என்று கேட்டு, மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அப்பாவுக்கு அந்த இரவில் இதைக் கேட்கும் அவகாசம் உங்களுக்கு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

என் கருத்து, முதலில் விட்டுவந்த மருத்துவக் கல்லூரிக்கே திரும்புங்கள் என்பதுதான். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, சீழ்ப் பரிசோதனை எல்லாம் அங்கே இருக்கின்றன. சொல்லாமல் வந்துவிட்டதால் திட்டுவார்கள், சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தயங்குகிறீர்கள். ஒரு சொல் கடுமையாக விழக்கூடும். சேர்க்க மறுக்க முடியாது. அவசர நிலையில் வந்தவருக்கு அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராமல் இருப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பழைய ஓ.பி. சீட்டை எடுத்துக்கொண்டு, “பயந்து போய்விட்டோம், சிகிச்சைக்கு வந்திருக்கிறோம்” என்று சொன்னால் போதும்.

ரவுண்ட்ஸ் நேரத்தில் கேட்க வேண்டியவை

தலைமை மருத்துவர் காலையில் வார்டைச் சுற்றி வரும்போது கட்டிலருகில் நீங்களே இருங்கள். தூரத்து உறவினர் யாரையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. காலுக்கு இரத்த ஓட்டம் போதுமான அளவு இருக்கிறதா, டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் சோதனை) பார்த்தாயிற்றா? இதுதான் முதன்மையான கேள்வி. ஓட்டம் போதாவிட்டால் எடுத்த இடமும் ஆறாது. குழாய் அடைப்பைச் சரிசெய்ய முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கும். சீழ் பரவிக்கொண்டிருந்தால் மட்டும் இதற்காகக் காத்திருக்க முடியாது. சீழை வெளியேற்றுவதே அப்போது முதல் வேலை.

2. எந்த அளவுக்கு எடுக்கப்போகிறீர்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா?

3. எப்படி மரக்கச் செய்வீர்கள்? பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கால் பகுதியை மட்டும் மரக்கச் செய்தே செய்துவிடலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இவற்றுக்கு விடை பெற வேண்டியது உங்கள் உரிமை. நோயின் தன்மை, சிகிச்சை, மாற்று வழி, அபாயம் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிய பிறகு பெறுவதுதான் செல்லுபடியாகும் ஒப்புதல் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஓர் அறுவைக்குத் தந்த ஒப்புதலை வைத்துக்கொண்டு, உயிர் காக்க உடனடியாகத் தேவைப்பட்டாலன்றி, வேறொன்றைச் செய்யக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. விரலுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டுக் காலை எடுத்துவிடுவார்கள் என்ற அம்மாவின் பயத்துக்கு இதைச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எதுவும் கேட்க முடியாது என்பதும் சரியல்ல. மருத்துவமனையின் அலட்சியத்துக்கு அந்தக் கையெழுத்து விலக்கு அளிப்பதில்லை.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது

“காலை இழக்கப் போகிறாய்” என்று மிரட்டாதீர்கள். அவர் ஏற்கெனவே அந்தப் பயத்தில்தான் ஓடிவந்திருக்கிறார். எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் முழுதாகச் சொல்ல விடுங்கள். பெண்கள் வார்டில் இரவில் தனியாகக் கிடப்பதா, அடுத்த நடவுக்குப் போக முடியாது என்பதா, உங்களுக்குச் சுமையாகிவிடுவோம் என்பதா, அப்பாவைப் போலத் திரும்பாமல் போய்விடுவோம் என்பதா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. கடைசியாகச் சொன்னதாக இருந்தால், அப்பாவுக்கு வந்தது இதய நோய், அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியது, இது நாம் இன்னும் தடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்குங்கள்.

மருத்துவமனையை மொத்தமாக நம்பும்படி அவரைக் கேட்க வேண்டாம். அவர் ஏற்கெனவே நம்பும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை தரும் பெண்ணிடம் அம்மா மனம்விட்டுப் பேசுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரையே கேட்டுப் பாருங்கள். கட்டுப் போடும் செவிலியரும் உதவுவார். உங்கள் ஊரிலோ பக்கத்திலோ விரல் எடுத்த பிறகு நன்றாக நடமாடுகிறவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரை அம்மாவோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். ஒரு விரல் போனபின் காலைக் காத்துக்கொண்டு, எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர்ச் செருப்புப் போட்டு வாழ்கிறவரை நேரில் பார்ப்பது, நான் எழுதும் பக்கங்களைவிட அவருக்குத் தைரியம் தரும்.

எல்லாம் விளங்கிய பிறகும் அவர் மறுத்தால், அந்த உரிமை அவருக்கு உண்டு. கட்டாயப்படுத்தி அழைத்துச் செல்ல முடியாது. அப்போதும் சிகிச்சை நின்றுவிடக் கூடாது. தினமும் டிரெஸ்ஸிங், மருத்துவர் எழுதிய கிருமிக்கொல்லி மருந்து, இன்சுலின், காலை ஊன்றாமல் இருப்பது ஆகியவை தொடரட்டும். சுடுநீரில் காலை வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், உணர்வில்லாத கால் வெந்துபோனாலும் தெரியாது. வாரம் ஒரு முறையாவது அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்க வேண்டும். மறுத்தவர் மறுநாள் மனம் மாறி வரலாம் என்ற வாசல் திறந்தே இருக்கட்டும்.

அப்பாவின் விஷயம்

அம்மாவைச் சேர்த்த பிறகு இதைக் கையில் எடுங்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவின் சிகிச்சைப் பதிவேட்டின் நகல் கேட்டு அந்தத் தனியார் மருத்துவமனைக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும், பதிவேட்டை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிமுறைகள் கூறுகின்றன. முதலில் பார்த்த அரசு மருத்துவமனையிலும் அந்த இரவின் பதிவைக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம்.

கிடைத்த தாள்களை ஒரு பொது மருத்துவரிடமோ இதய மருத்துவரிடமோ காட்டி விளக்கம் கேளுங்கள். சிகிச்சை சரியாகவே நடந்தது, நோய்தான் மிகக் கடுமையாக இருந்தது என்று தெரியவரலாம்; அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். அப்படித் தெரிவதும் உங்களுக்கு ஓர் ஆறுதலாக இருக்கலாம். தவறு நடந்திருப்பதாகத் தோன்றினால், கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உடலைத் தடுத்து வைத்ததைப் பற்றி மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் தனியாகப் புகார் அளிக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குக் கால வரம்பு இரண்டு ஆண்டு. உங்களுக்கு மீதமிருப்பது ஏறத்தாழ ஆறு மாதம். வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணித் தயங்க வேண்டாம். பெண் என்ற முறையிலேயே, வருமான வரம்பு எதுவுமின்றி, இலவச சட்ட உதவி பெறும் தகுதி உங்களுக்கு உண்டு. திருவாரூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுவோடு போய்க் கேளுங்கள்.